பெட்டியில் கை வைத்தது யார்

நிக்கோபாரில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில், காலையிலும் மாலையிலும் வரிசை வீடுகளான எல்லா லயங்களுக்கும் கேட்ட குரல் என்னுடையது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி ஏறியவர் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கேயே பால் வெட்டினார்கள். பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, முகாமில் கிடந்து, கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, மறுபடியும் அதே கத்தியைப் பிடித்துப் பால் வெட்டினார்கள். நான் மட்டும் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பத்தாம் வகுப்பை முடித்தேன். இந்தியும் அங்கேதான் படிந்தது.

தோட்டத்தில் ஒலிபெருக்கி வைத்தபோது தமிழிலும் இந்தியிலும் எழுதிப் படித்துப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. லயத்தில் அப்படி ஓர் ஆள் நான் ஒருத்திதான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதற்கு முன்னால் எந்தக் கூட்டம் எந்தக் காட்டுக்குப் பால் வெட்டப் போகவேண்டும் என்று சொல்ல வேண்டும். மாலையில் ரேடியோவைப் போட்டுச் செய்தியும் பாட்டும் கேட்க வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கப்பல் வரும் செய்தி. கப்பல் வந்தால்தான் அரிசி, மருந்து, கடிதம் எல்லாம். துறைக்கு வெளியே நின்று அது கிளம்பிவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை தற்காலிகம். போர்ட் பிளேரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, சரி என்றால் நிரந்தரமாகும் என்று அலுவலகத்துப் பெரிய கிளார்க் சொல்லியிருந்தார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த அரசாங்க ஊழியர். என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் அவருக்கு விருப்பமில்லை என்பதை மறைக்கவும் மாட்டார். தன் மனைவியின் தம்பி மதுரையில் ரேடியோ பழுது பார்க்கப் படித்திருக்கிறான் என்று நான் கேட்கும்படியே இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். நான் காது கேளாதவள் மாதிரி இருந்துவிடுவேன்.

ஒலிபெருக்கி அறை ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டினாற்போல் இருந்தது. ஆம்ப்ளிஃபயரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெட்டியின் சாவி கிளார்க்கிடம். முன்பக்கக் கதவில் மூன்று துளை போட்டு மூன்று குமிழ்களை மட்டும் வெளியே நீட்டியிருந்தார்கள். முதலாவது என் மைக்குக்கு. இரண்டாவது அதிகாரிகள் வந்தால் பேசுவதற்கான மைக்குக்கு. மூன்றாவது ரேடியோவுக்கு. பின்பக்கம் பலகையை அறுத்து, ஒயர் செருகும் இடங்களை மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். அதில் இரண்டாவது மைக்கைச் செருகும் துளைமேல் கிளார்க் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தார். குமிழைத் திருகலாம், வேறு எதையும் தொடக்கூடாது என்பது எனக்கு இருந்த உத்தரவு. அறைக் கதவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம். மெயின் சுவிட்சு என் அறைக்குள் இருந்ததால் இன்னொன்று ஜெனரேட்டர் ஓட்டுபவரிடம்.

என் குமிழ் முதல் நாளிலிருந்தே சரியில்லை. அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. உள்ளேயிருந்த தண்டைப் பிடிக்காமல் சுற்றும். அழுத்திக்கொண்டே திருகினால் பிடிக்கும். கையை எடுத்தால் சில நேரம் தானாகத் தளர்ந்து குரல் பாதியில் இறங்கிவிடும். பால் நிறுக்கும் கொட்டகையில் இதை வைத்துச் சிரிப்பார்களாம். பத்தாம் வகுப்புக்கு மூச்சு அவ்வளவுதான் என்பார்களாம். இந்தியில் பேசினால் முழுங்கிவிடுகிறது என்பார்களாம். அம்மா வந்து சொல்வாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மாலை அறையைத் திறந்து குமிழில் கை வைத்தேன். ஆடவில்லை. பல்லில் மாட்டினதுபோல் இறுக்கமாகச் சுற்றியது. யாரோ சரி செய்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பூட்டிய அறைக்குள் நான் இல்லாத நேரத்தில் ஒரு கை வந்து போயிருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியது. அன்று மாலை குரல் கொஞ்சம் கரகரத்தது. மறுநாள் காலை பெரட்டுக்கு அறிவித்தபோது, குமிழை முழுதாகத் திருகியும், களத்தில் நின்றவர்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு மரத்திலிருந்த ஒலிபெருக்கிக் கொழாயைப் பார்த்தார்கள். தூரத்து லயங்களில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இரண்டு கூட்டம் காடு மாறிப் போய்விட்டது.

முதலில் ஜெனரேட்டர்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். அவர் இந்தத் தீவுகளிலேயே பிறந்தவர். அவர் குடும்பம் கைதிகள் காலத்திலிருந்து போர்ட் பிளேர் பக்கம் இருந்தது. தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். கிளார்க்கோடு சேர்ந்து தேநீர் குடிப்பார். இன்னொரு சாவி வைத்திருப்பவரும் அவர்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அறைக்குள் யாரை விட்டீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அரே தங்கச்சி, சாபி என்கிட்ட இருந்தா நான் சோரா?" என்றார்.

"திருடன்னு நான் சொல்லலையே அண்ணே. யார் வந்தாங்கன்னுதான் கேட்டேன்."

"காத்து வந்திருக்கும். மெயின் சுவிட்சு பாக்க நான் வந்திருப்பேன். வேற யாரு?"

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள் பொய் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்று அவரைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் எதையோ மறைத்தார். மறைத்தது உண்மை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு, பள்ளியில் கணக்குப் போடுவதுபோல் யோசித்தேன். மாலையில் ரேடியோவைப் போட்டால் பாட்டு எல்லா லயத்துக்கும் கணீரென்று கேட்கிறது. அப்படியானால் மரத்தில் கட்டிய கொழாய்கள் சரி, அவற்றுக்குப் போகும் ஒயர்களும் சரி, பெட்டிக்குள் இருக்கும் பெரும்பகுதியும் சரி. மிச்சம் இரண்டுதான். ஒன்று என் மைக். இல்லாவிட்டால் அந்த மைக்கின் சத்தம் உள்ளே போகும் வழி.

இதைப் பிரித்துப் பார்க்க பின்பக்கத்தில் கை வைக்க வேண்டும். அதற்கு எனக்கு அனுமதி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கை வைத்தேன். ரேடியோவின் ஒயரைப் பிடுங்கி என் மைக்கின் துளையில் செருகினேன். மைக்குக்கான துளை ரொம்ப மெல்லிய சத்தத்தையே தூக்கிவிடும். ரேடியோவைச் செருகினால் காது கிழிய வேண்டும். நியாயமாக லயத்து நாய்களெல்லாம் குரைத்திருக்க வேண்டும். பாட்டு, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் முனகியது. குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகினேன். முனகல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

ஆக மைக்கில் குற்றமில்லை. குமிழ் சுற்றுகிறது, ஆனால் அது சொல்வதை உள்ளே யாரும் கேட்பதில்லை. பழுது குமிழுக்கு நேர் பின்னால், விரல் நீளத்துக்குள் இருந்தது. நடுவே ஒரு பலகையும் ஒரு பூட்டும்.

கிளார்க்கிடம் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டேன். பழுது எந்த இடம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெட்டிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு உள்ளே எங்கே பழுது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மெக்கானிக் வரும்போது சொல்கிறேன் என்று நான் மழுப்பினேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். மெக்கானிக் மெயின்லாண்ட்ல படிச்சிட்டு வர்றவன் பாத்துப்பான். ஒனக்குப் பர்மிஷன் திருகறதுக்கு மட்டும்தான். தொறக்கறதுக்கு இல்ல" என்றார்.

மெயின்லாண்டில் படித்துவிட்டு வருபவன். அன்று முழுவதும் அந்தச் சொல் காதில் நின்றது. அவருடைய மைத்துனன் கப்பலேறிவிட்டான் என்று யாரோ பேசிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. குரல் போய்விட்ட அறிவிப்பாளரை அதிகாரி பார்க்கட்டும், பக்கத்திலேயே ரேடியோ தெரிந்த பையன் நிற்கட்டும். இவ்வளவு கச்சிதமாக ஒரு காரியம் தானாக நடக்குமா? பெட்டிச் சாவி அவரிடம். அறைச் சாவி அவரோடு தேநீர் குடிப்பவரிடம். எனக்கு எல்லாம் பொருந்தியது.

கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன். பெரட்டுப் பலகையில் எழுதும் சாக்குக் கட்டித் துண்டுகள் என்னிடம் நிறைய இருந்தன. அவற்றை அரைத்துப் பொடியாக்கி, அறையைப் பூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் பெட்டிக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் மெல்லத் தூவினேன். வெளிறிய தரையில் வெள்ளைப் பொடி. குனிந்து பார்த்தால்தான் தெரியும். கிளார்க் எப்போதும் செருப்புப் போடுவார். ஜெனரேட்டர்காரர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எந்தத் தடம் விழுந்தாலும் எனக்குப் போதும்.

மறுநாள் மாலை திறந்து பார்த்தேன். தடம் விழுந்திருந்தது. செருப்பும் இல்லை, பூட்ஸும் இல்லை. வெறுங்கால். எட்டிப் பார்க்க முன்பாதத்தை ஊன்றிய மாதிரி அரைத்தடம். விரல்கள் விரிந்து, கட்டைவிரல் தனியே விலகி நின்றது.

சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கும் பால்வெட்டுக்காரரின் கால் அது. எங்கள் ஆட்களில் ஒருவர்.

அன்று மாலை பெட்டி இன்னும் ஊமையாகியிருந்தது. முன்பு முனகலாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. எவனோ வந்து, போதாது என்று இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கிளார்க் கெடுத்தால் கோபம் வரும். லயத்தில் நம்மோடு தண்ணீர் பிடிக்கிறவர்கள் கெடுத்தால் வேறு என்னவோ வருகிறது. பால் கொட்டகையில் சிரித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். தங்கள் மகளுக்கும் இந்தி தெரியும் என்று சொல்லித் திரிந்த பக்கத்து வீட்டு மாமாவை நினைத்தேன். காலையில் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றபோது நான் முகங்களைப் பார்க்கவில்லை, பாதங்களைத்தான் பார்த்தேன். எல்லாப் பாதமும் ஒரே மாதிரி விரிந்திருந்தது. வாசனையை வைத்தாவது பிடிக்கலாமென்றால், தோட்டத்தில் மனுஷர், துணி, பாய், சோறு எல்லாமே ரப்பர் பால் வாடைதான். என் தலைமுடியிலும் அதே வாடை.

வீட்டிலும் நான் யாரிடமும் பேசவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "என்னா புள்ள, சத்தம் இன்னும் செட்டா வரலையே" என்றார். எனக்குத் தெரியும் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. அலுவலகத்து ஒயர்லெஸில் செய்தி வந்திருந்தது. கப்பல் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே பக்கத்துத் தீவான நான்கௌரியைத் தாண்டிவிட்டது, மதியத்துக்குள் இங்கே நிற்கும், அதிகாரியும் அதில் வருகிறார். காற்று மோசமாக இருந்ததால் அதிக நேரம் நிற்காது. ஆட்களெல்லாம் காட்டுக்குள் இருந்தார்கள். சரக்கு இறக்கும் கூட்டம் துறைக்கு வரவேண்டும். நோயாளி ஒருத்தியைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அவள் வீடு கடைசி லயத்தில் இருந்தது. கிளார்க் என்னிடம் சீட்டைக் கொடுத்து, அறிவி என்றார். மைக் பேசாது என்பது அவருக்குத் தெரியும். கொடுத்துவிட்டு அவர் துறைப்பக்கம் நடந்தார்.

இது எனக்கு வைத்த பொறி என்று நினைத்தேன். அறிவிக்காவிட்டால் என் தலை. ஆள் விட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்று பிறகு கேட்பார்கள். அதற்கு நேரமில்லை என்று அவருக்கே தெரியும்.

அறைக்குள் போய்ப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தேன். இரண்டாவது துளைமேல் கிளார்க்கின் கையெழுத்தோடு அந்தக் காகிதம். அதிகாரிகளின் குரலுக்கான வழி. அதில் ஒரு பழுதும் இருக்காது, ஏனென்றால் அதை யாரும் தொடுவதே இல்லை. நகத்தால் காகிதத்தைக் கிழித்தேன். என் மைக்கைச் செருகி, நடுக் குமிழைத் திருகினேன்.

என் குரல் எனக்கே தூக்கிப்போட்டது. கப்பல், சரக்குக் கூட்டம், நோயாளி என்று தமிழில் ஒரு முறை, இந்தியில் ஒரு முறை, மறுபடி தமிழில். காட்டுக்குள்ளிருந்து பதில் கூவல் வந்தது. பேசி முடிப்பதற்குள் கிளார்க் பாதி வழியிலிருந்து திரும்பி வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கிழிந்த காகிதத்தைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டுக் கை வச்ச?"

"கேட்க ஆள் இல்ல சார்."

"அப்ப இத்தனை நாளா உள்ள என்னென்ன பண்ணியிருக்கியோ" என்று சொல்லிக்கொண்டே சாவிக் கொத்தை எடுத்தார். என்மேல் குற்றம் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பெட்டி திறந்தது. நான் கேட்டபோது திறக்கவில்லை.

கதவைத் திறந்ததும் மூன்று பேரும் பார்த்தோம். சத்தம் கேட்டு ஜெனரேட்டர்காரரும் வந்திருந்தார். முதல் குமிழுக்குப் பின்னால், வெட்டிய மரத்தில் தொங்குவதுபோல், பழுப்பு நிறத்தில் ஒரு பால் சொட்டு நீண்டு உறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. தண்டு வழியாக ஓடிய பால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னத் தகரக் கிண்ணத்துக்குள் போய் இறுகியிருந்தது. கிளார்க் குமிழைப் பிடித்து இழுத்தார். சப்பென்று பிய்ந்து வந்தது. தண்டைச் சுற்றி, மரத்தின் வெட்டிலேயே காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பாலின் நாடா ஒன்று வரிவரியாக, ஒரு வரிமேல் அடுத்த வரி பாதி ஏறும்படி, அழகாகச் சுற்றப்பட்டிருந்தது.

தோட்டத்தில் ஓட்டை விழுந்த வாளி, கழன்ற குடைக்கம்பி, அறுந்த செருப்பு வார் எல்லாவற்றுக்கும் இதுதான் வைத்தியம். ஒட்டுப்பாலைச் சுற்றி, மேலே பச்சைப் பாலை ஊற்றிக் காயவிடுவார்கள். பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் விடாது. ஆனால் பால் காய்ந்தால் ரப்பர். ரப்பர் தண்ணீரையும் விடாது, மின்சாரத்தையும் விடாது. குமிழ் ஆடுகிறது என்று ஊற்றியிருக்கிறார்கள். குரல் குறைந்ததும், பால் போதவில்லை என்று மறுபடி வந்து ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்கு அது ஒரு கணத்தில் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. நாடா வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது. தோட்டத்தில் எல்லாரும் இடமிருந்து வலமாகச் சுற்றுவார்கள். இடது கையால் கத்தி பிடிக்கிறவர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் வீட்டு அரிவாள்மனைப் பிடியும் இப்படித்தான் சுற்றியிருக்கும்.

கிளார்க் அதையெல்லாம் பார்க்கவில்லை. இது சதி என்றார். அரசாங்கச் சாமானைக் கெடுத்திருக்கிறார்கள், அதிகாரி முன்னால் வைத்தே விசாரிக்கலாம் என்றார். பிறகு ஜெனரேட்டர்காரர் பக்கம் திரும்பி, அறைச் சாவி வைத்திருப்பவன் நீதானே, யாரை உள்ளே விட்டாய், சொல்லாவிட்டால் இதே கப்பலில் உன்னை அனுப்பிவிடுவேன் என்றார்.

ஜெனரேட்டர்காரர் என்னைப் பார்த்தார். அன்று நான் கேட்டபோது முகத்தைத் திருப்பியவர், இப்போது நேராகப் பார்த்தார். யாருக்கோ சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற முடியாமல் நிற்கும் பார்வை அது. கப்பலில் அனுப்பினால் கூட அவர் சொல்லமாட்டார் என்று தோன்றியது. அதோடு, நான் வாயைத் திறக்காவிட்டால் என் வேலை பத்திரமாக இருக்கும் என்பதும் தெரிந்தது. சதி என்றால் குற்றம் வேறு யார் மேலோ. அறிவிப்பாளர் பாதிக்கப்பட்டவள்.

"எங்க அப்பா செஞ்சது சார்" என்றேன்.

கிளார்க்கின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பவும் சொன்னேன். குமிழ் ஆடுகிறது என்று எழுத்தில் இரண்டு முறை தெரிவித்திருந்தேன் என்றும் சொன்னேன். யாராவது திறந்து ஒரு திருகாணியை முடுக்கியிருந்தால் எங்க அப்பா பால் ஊற்றியிருக்க மாட்டார் என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ, கிளார்க்கின் முகம் சிவந்துவிட்டது.

"படிச்ச திமிரு" என்றார்.

"ஆமா சார்."

ஜெனரேட்டர்காரர் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. கப்பலின் ஊதல் கேட்டது. கிளார்க்குக்கு இப்போது வேறு கவலை. அதிகாரி வந்து பேசவேண்டும் என்றால் அவருடைய மைக்கின் துளை அவருக்கு வேண்டும். எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். என் குமிழ் வேலை செய்தால்தான் அது நடக்கும்.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பர்மிஷன் குடுங்க சார்."

"சரி, பண்ணு."

"திறக்கறதுக்கும் சேத்தா?"

"திறக்கறதுக்கும் சேத்துத்தான்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஜெனரேட்டர்காரர் சாட்சியாக நின்றார். அதைக் கவனித்துக்கொண்டேன்.

மெயினை அணைக்கச் சொன்னேன். பெட்டி ஆறும்வரை காத்திருந்து, கொண்டை ஊசியால் தகரக் கிண்ணத்தின் காதுகளை நிமிர்த்தி மூடியைக் கழற்றினேன். உள்ளே கரி பூசிய கருப்பு வளையம். அதன்மேல் குமிழோடு சேர்ந்து ஊர்ந்துபோகும் ஒரு சின்னப் பித்தளை நாக்கு. இரண்டுக்கும் நடுவில் பால் தோலாகப் படிந்திருந்தது. நாக்கு ரப்பர் மேல் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊசி முனையால் ஓர் ஓரத்தைக் கிளப்பிவிட்டு விரலால் பிடித்து இழுத்தேன். சிரட்டையிலிருந்து ஒட்டுப்பாலை உரிப்பது எங்களுக்கு விவரம் தெரியாத வயதிலேயே வந்த வேலை. கிழியாமல், வளையத்தின் அச்சாக, முழுசாக வந்தது. தண்டிலிருந்த நாடாவையும் அறுத்தெடுத்தேன். குமிழின் பக்கவாட்டில் தூசு மூடிக் கிடந்த திருகாணியைக் கண்டுபிடித்து முடுக்கினேன். மெயினைப் போட்டதும் முதலில் கறகறவென்றது. பிறகு குமிழ் சொன்னதைக் குரல் கேட்டது.

அதிகாரி துறையில் இறங்கும்போது சரக்குக் கூட்டத்தை நான் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தேன். நோயாளியைப் படகில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர் அறைக்கு வந்தார். கிளார்க் முந்திக்கொண்டு, அனுமதியில்லாமல் அதிகாரிகளின் மைக் துளையைத் திறந்தது, தகப்பனை அறைக்குள் விட்டது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். தகப்பனை நான் விடவில்லை என்பதை மட்டும் திருத்தினேன். மற்றதை மறுக்கவில்லை. திறக்காமலே பழுது எங்கே என்று எப்படித் தெரிந்தது என்று அதிகாரி இந்தியில் கேட்டார். ரேடியோ ஒயரை மாற்றிச் செருகியதைச் சொன்னேன். அதுவும் அனுமதியில்லாமல்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் என் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்தார். பிறகு, உள்ளே உட்கார்கிறவளிடம் பெட்டிச் சாவி இல்லாமல், அது அலுவலகத்தில் எதற்கு என்று கிளார்க்கைக் கேட்டார். கிளார்க் விதியைச் சொன்னார். விதி எழுதியிருக்கிறதா என்றார் அவர். எழுதியிருக்கவில்லை.

வேலை நிரந்தரமானது. பெட்டிச் சாவி என் கைக்கு வந்தது. ஒரு நிபந்தனையோடு. வேலையில்லாத யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது, முக்கியமாக என் அப்பா. அதற்கு நான்தான் பொறுப்பு.

கிளார்க்கின் மைத்துனன் அதே கப்பலில் வந்திருந்தான். கடல் ஒத்துக்கொள்ளாமல் பச்சை முகத்தோடு அக்கா வீட்டில் படுத்தவன், எழுந்ததும் ஊருக்குத் திரும்ப எப்போது கப்பல் என்றுதான் கேட்டான். வேலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. சும்மா அக்காவைப் பார்க்க வந்தவன் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இன்னொரு சாவி எங்கேயாவது இருக்கும் என்ற எண்ணமும் எனக்குப் போகவில்லை. சாவி கைக்கு வந்த பிறகுதான் சந்தேகம் அதிகமானது. ஜெனரேட்டர்காரரிடம் மட்டும், அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்கப்பா கையைப் பிடிச்சுக் கேட்டார், புள்ளைக்குத் தெரிய வேணாம்னார், நான் என்ன பண்ண என்றார்.

அப்பாவிடம் நான் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்க வைக்கவும் இல்லை. பால் மின்சாரத்தை விடாது என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது பச்சையாய் இருக்கும்போதே நான் திருகிவிட்டேனாம், காயவிட்டிருந்தால் பிடித்திருக்குமாம்.

அதற்கு அடுத்த நாள் மாலை, செய்தி போகும் நேரத்தில், அறை வாசலில் வந்து நின்றார். நிலைப்படிக்கு வெளியே, கால் உள்ளே படாமல்.

"என்னா, தொரைசானி, சத்தம் செட்டா இருக்கா?"

"இருக்குப்பா."

"உள்ள வந்து பாக்கலாமா, இல்ல பர்மிஷன் வேணுமா?"

கேலிதான். கொஞ்சம் கேலியில்லாததும் அதில் இருந்தது. அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வேணும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, இடது கையை ஏன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அதில் பால் சிரட்டை ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.